குடுவையக்காவின் எட்டு மடங்கு

வேதியியல் துறையின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், ஒரு நீளமான அறை இருக்கிறது. இரண்டு தொட்டிகள், மூன்று குழாய்கள். அதில் ஒன்று எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும். சுவர் முழுக்க மர முளைகள் அடித்த பலகை. கழுவிய குடுவைகளை அதில் தலைகீழாக மாட்டி வைக்க வேண்டும். இந்த அறைதான் குடுவையக்காவின் ராஜ்ஜியம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. சம்பளப் பட்டியலில் மாதா மாதம் அச்சாகியும் வருகிறது. ஆனால் துறைக்குள் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. அவரையே அந்தப் பெயரால் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு பக்கமும் பார்ப்பார். இருபத்திரண்டு வருடமாகக் குடுவையக்கா. நேற்றுச் சேர்ந்த மாணவிக்கும் அக்கா, அவரைவிட நாலு வயது மூத்த பேராசிரியருக்கும் அக்கா.

பாத்திரம் கழுவுவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்களை ஒரே ஒரு நாள் அந்த அறையில் விட்டால் போதும், வாயை மூடிக்கொண்டு வெளியே வருவார்கள். முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு குழாய்த் தண்ணீரில் மூன்று தடவை. அதன் பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை. இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் அது உங்கள் வீட்டுப் பாத்திரம். அக்கா குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். உள்சுவரில் தண்ணீர் ஒரே படலமாக வழிந்து இறங்க வேண்டும். எங்காவது ஒரு சொட்டு பிடிவாதமாக ஒட்டிக்கொண்டு நின்றால், அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். மறுபடியும் சோப்பிலிருந்து ஆரம்பம். வெளியே மேகமூட்டமாக இருந்தால் குடுவையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அவருடைய வேலை நேரம் காலை எட்டிலிருந்து மதியம் ஒன்று வரை. ஐந்து மணி நேரப் பணியிடம் என்று அதற்குப் பெயர். இப்படி நேரம் வகுத்த அதிகாரி தன் ஆயுளில் ஒரு தம்ளரைக்கூடக் கழுவியிருக்க மாட்டார் என்று நான் அடித்துச் சொல்வேன். ஆய்வுக்கூட வகுப்பு தொடங்குவதே பத்து மணிக்கு. முதல் தட்டு அழுக்குப் பாத்திரம் கீழே வந்து சேரும்போது பன்னிரண்டு ஆகிவிடும். அப்புறம் மூன்றரை வரை வந்துகொண்டே இருக்கும். காலையில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் வடிக்கிற கருவியைப் பார்த்துக்கொள்வது, முந்தின நாள் அமிலத்தில் ஊறப்போட்டதை எடுத்துத் தேய்ப்பது, உலர்ந்ததை அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று காலைக்கும் வேலை இருந்தது. ஆனால் உண்மையான சுமை இறங்குவது, சம்பளம் நின்றுபோகிற ஒரு மணிக்குப் பிறகுதான்.

ஒரு மணிக்குக் கிளம்பிப் போயிருக்கலாமே என்றால், போயிருக்கலாம். முதல் வாரம் போகவும் செய்தார். மறுநாள் வந்து பார்த்தால் எல்லாம் காய்ந்து கல்லாகி, குடுவையின் அடியில் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரம் இழுத்தது. அதிலிருந்து நாலு மணி வரை இருக்கத் தொடங்கினார். இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. போங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது வருடம் ஒரு வம்பு வந்தது. ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்கு முடிவு சரியாக வராமல் போக, குடுவை சரியாகக் கழுவவில்லை என்று பழியைக் கீழ்த்தளத்துக்குத் தள்ளிவிட்டார். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வந்தார். எந்தத் தட்டு எத்தனை மணிக்கு வந்தது, யார் கொண்டுவந்தார்கள், எத்தனை மணிக்குக் கழுவி முடித்துத் திரும்பப் போனது என்று ஒவ்வொன்றையும் எழுதினார். கொண்டுபோகிறவர் வெளிச்சத்தில் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். பருவம் முடியும்போது ஆய்வுக்கூடப் பொறுப்பில் இருக்கும் பேராசிரியை கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு குடுவையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நோட்டுகள் மட்டும் அலமாரியில் சேர்ந்துகொண்டே போயின.

மற்ற பகுதி நேர ஆட்களையெல்லாம் ஒரு சமயம் மொத்தமாக முழு நேரமாக்கினார்கள். அக்கா மட்டும் விட்டுப்போனார். அந்த மாதம் அவருடைய மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்று ஒன்று இருந்ததே திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து மனு எழுத ஆரம்பித்தார். பதினொரு மனு. எல்லாம் கிணற்றில் போட்ட கல். நாலு துணைவேந்தர்கள் வந்து போய்விட்டார்கள்.

அக்காவுக்கு ஆசை சம்பளத்தின் மேல் இல்லை, அதற்குப் பின்னால் வரும் ஓய்வூதியத்தின் மேல். முழு நேர ஆள் ஓய்வு பெற்றால் சாகும்வரை மாதா மாதம் பணம் வரும். ஐந்து மணி நேர ஆளுக்குக் கடைசி நாளில் ஒரு கைகுலுக்கலும் ஒரு தேநீரும்தான். ஓய்வுக்கு இன்னும் பதினாறு மாதம் இருந்தது. வீட்டுக்காரர் தையல்காரர்; வீட்டின் முன்னறையிலேயே இயந்திரம் போட்டுத் தைப்பவர். இரண்டு வருடமாக அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிற வேலையை அவர் வாங்குவதே இல்லை. மற்ற துணிகளிலும் தையல் கோணிப்போய், வாடிக்கையாளர்கள் முகம் கோணாமல் வேறு கடை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பிள்ளை என்று இருப்பது ஒரே மகள், அவளும் வெளியூரில் வாடகைக்கும் குழந்தைக்குமாக அல்லாடிக்கொண்டிருந்தாள். அக்காவின் ஓய்வூதியம்தான் இருவருக்கும் கடைசிக்கால அடுப்பு.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சட்டம் வந்தது.

பொதுப் பணத்தில் நடக்கிற பல்கலைக்கழகங்களில் மேலே இருப்பவர்கள் வாங்குகிற சம்பளம் பற்றிப் பத்திரிகைகள் கொஞ்ச நாளாகவே குடைந்துகொண்டிருந்தன. ஒரு துணைவேந்தருக்கு வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டத் தனிப் படி கொடுத்ததுகூட வெளியே வந்துவிட்டது. அரசாங்கம் ஒரு குழு போட்டது, குழு ஒரு கணக்குச் சொன்னது. ஒரு பல்கலைக்கழகத்தில் யாருடைய மாதச் சம்பளமும் அங்கேயே ஆகக் குறைவாக வாங்குகிறவரின் மாதச் சம்பளத்தைப் போல எட்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. கேட்க எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள். பெரிய படிப்புப் படித்த ஒன்பது பேர் உட்கார்ந்து எழுதிய சட்டம். மாதச் சம்பளம் என்று எழுதிய அந்த ஒன்பது பேரில் ஒருவருக்காவது, நாளைக்கு ஐந்து மணி நேரம் மட்டும் சம்பளம் வாங்குகிற ஆள் எங்காவது இருப்பார் என்று தோன்றவில்லை.

பல்கலைக்கழகத்தின் ஆகக் குறைந்த சம்பளம் எது என்று எழுதி அனுப்ப வேண்டிய பொறுப்பு சம்பளப் பிரிவுக் கண்காணிப்பாளருக்கு. அவருக்குத் தசமம் என்று பட்டப்பெயர். எந்தத் தொகையையும் முழுசாக்கிச் சொல்ல மாட்டார், புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்துத்தான் சொல்வார். மனிதர் பட்டியலைப் பிரித்தார், கடைசி வரியைப் பார்த்தார், அங்கே இருந்த தொகையை எட்டால் பெருக்கினார். அவ்வளவுதான் அவர் செய்தது. கடைசி வரியில் இருந்தது குடுவையக்கா.

முழு நேரத் துப்புரவுப் பணியாளரின் சம்பளத்தை எட்டால் பெருக்கியிருந்தால் துணைவேந்தருக்கு மட்டும் வெட்டு விழும், மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். எல்லாரும் அப்படித்தான் எதிர்பார்த்திருந்தார்கள். அக்காவின் ஐந்து மணி நேரச் சம்பளத்தை எட்டால் பெருக்கினால் துணைவேந்தரின் சம்பளம் பாதிக்கும் கீழே போனது. அதோடு விட்டதா? மூத்த பேராசிரியர்கள் நாற்பத்து மூன்று பேரும் வரம்புக்கு மேலே நின்றார்கள்.

பதிவாளர் தசமத்தைக் கூப்பிட்டுக் காய்ச்சினார்.

"ஏன்யா, இந்தம்மாவ எதுக்கு இதுல சேர்த்தீங்க?"

"பட்டியல்ல இருக்காங்க சார்."

"பகுதி நேரம்யா அது."

"சட்டத்துல பகுதி நேரத்த விட்டுடுன்னு இல்லையே சார். மாசச் சம்பளம்னுதான் இருக்கு. அவங்களும் மாசம்தான் வாங்குறாங்க."

விதிப்படி அந்தக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. ஒட்டிய மறுநாள் காலை அக்கா வாசலில் நுழைந்ததும் பௌதிகத் துறைப் பேராசிரியர் ஒருவர் நின்று வணக்கம் சொன்னார். அக்கா பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். படிக்கட்டில் இன்னொருவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பதினொரு மணிக்கு ஒரு புதிய நாற்காலி வந்து இறங்கியது, சாய்மானம் வைத்தது. மதியத்துக்குள் அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, வெட்கம் பிடுங்கித் தின்றது. அறிவிப்புப் பலகை இருக்கிற பக்கமே போகாமல் சைக்கிள் நிறுத்தம் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"ஊரே என் சம்பளத்த நின்னு படிக்குதுங்க," என்று வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"படிக்கட்டுமே. நான் கல்யாணத்தப்பவே படிச்சுட்டுத்தானே சம்மதிச்சேன்," என்றார் தையல்காரர்.

"அப்ப எனக்கு வேலையே இல்ல."

"அதான் சொல்றேன், அப்பவே பெரிய மனசு எனக்கு."

இந்த மனிதர் இப்படித்தான். வீட்டில் அரிசி இல்லை என்றாலும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அக்கா சிரித்துவிட்டார், வெட்கம் பாதி இறங்கியது.

மூன்றாம் நாள் பதிவாளர் ஆள் அனுப்பினார். இருபத்திரண்டு வருடத்தில் அக்கா அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. மனுக்களை வெளியே இருக்கும் மேசையிலேயே வாங்கிக்கொள்வார்கள். பதிவாளர் எழுந்து நின்று உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். குரலில் தேன் சொட்டியது.

"அம்மா, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. கான்ட்ராக்ட் கம்பெனி ஒண்ணு இருக்கு. நீங்க அவங்க ஆளா மாறிடுங்க. இதே இடம், இதே வேலை. அவங்க எட்டு மணி நேரச் சம்பளம் தருவாங்க. உங்க கைக்கு இப்ப வர்றதவிட ஒண்ணரை மடங்குக்கு மேலயே வரும். ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"ஓய்வூதியம் சார்?"

"கம்பெனில அது கிடையாது. ஆனா இப்பவும் உங்களுக்கு அது இல்லையேம்மா. இல்லாத ஒண்ண எப்படி இழப்பீங்க?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அக்கா தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தார்.

சாயங்காலம் மகளிடமிருந்து போன் வந்தபோது விஷயத்தைச் சொன்னார்.

"அம்மா, வாங்கிக்கோ," என்றாள் மகள். "பதினோரு தடவ கேட்டாச்சு, குடுக்கல. இனிமேலா குடுக்கப் போறாங்க? பதினாறு மாசம் கூடக் காசு வந்தா அப்பா கண்ணு ஆபரேஷனாவது முடியும்."

மகள் சொன்னதில் நியாயம் இருந்தது. கண்ணுக்கு வைத்தியம் பார்க்காமல் தள்ளிப்போட்டதே பணத்தால்தான். அக்கா பேனாவை எடுத்தே விட்டார். ஆனால் படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. மற்றவர்களிடம் குடுவையை வெளிச்சத்தில் பார்த்தபிறகு கையெழுத்துப் போடு என்று சொல்லிச் சொல்லி அவருக்கும் அது ஊறிப்போயிருந்தது. கணவருக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார். இரண்டாவது பத்தியில் இப்படி இருந்தது: நான் பணியில் சேர்ந்த நாள் முதல் இன்றுவரை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே வேலை செய்து வந்துள்ளேன், பல்கலைக்கழகத்திடம் எனக்கு வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை.

தையல்காரர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"அஞ்சு மணி நேரமா? ஒரு மணிக்கே வேலை முடிஞ்சுடுதா? அப்புறம் நாலரை மணி வரைக்கும் நீ எங்க போற? எனக்குத் தெரியாம வேற குடும்பம் ஏதாவது இருக்கா?"

இந்தத் தடவை அக்கா சிரிக்கவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டா நம்ம கஷ்டம் கொஞ்சம் தீரும்," என்றார் மெதுவாக.

"தீரும்தான். போடு. நான் வேண்டாம்னு சொல்லல." தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் கண்ணுக்காகத் தப்பா ஒண்ணுல கையெழுத்துப் போட்டேன்னு அப்புறம் நீ என் முகத்தப் பார்க்காம இருந்தா, கண்ணு தெரிஞ்சு எனக்கு என்ன பிரயோஜனம்? அத மட்டும் யோசிச்சுக்க."

மறுநாள் அக்கா பதிவாளர் அறைக்குப் போனார். வீரம் பேசப் போகவில்லை. அவருக்கு அது வரவும் வராது. தாளை மேசையில் விரித்து, விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"சார், இந்த இடத்துல தப்பா விழுந்திருக்கு. அஞ்சு இல்ல, எட்டு. அத மட்டும் மாத்திக் குடுத்துடுங்க, இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

பதிவாளர் புன்னகை செய்தார். "அது சும்மா ஒரு வழக்கமான வாசகம்மா. அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க."

"நான் பார்த்துட்டேனே சார்."

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அக்கா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார், எட்டு என்று போடுங்கள். குடுவையில் ஒரு சொட்டு ஒட்டி நின்றால் இவரிடம் என்ன சொன்னாலும் எடுபடாது என்று வேதியியல் துறைக்குத் தெரியும், பாவம் பதிவாளருக்குத் தெரியாது. கடைசியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"எட்டு மணி நேரம் வேலை செஞ்சீங்கங்கறதுக்கு என்னம்மா ஆதாரம் இருக்கு? யார் வேணும்னாலும் வந்து எட்டு, பத்துன்னு சொல்லலாமே."

அக்கா சரி என்று வெளியே போனார். ஆய்வுக்கூடத்தில் பாத்திரம் தள்ளிக்கொண்டு வருகிற தள்ளுவண்டி ஒன்று இருக்கிறது. அரை மணி நேரத்தில் அந்த வண்டி நிர்வாகக் கட்டடத்தின் வராந்தாவில் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. அதில் முப்பத்தெட்டு நோட்டுகள். பருவத்துக்கு ஒன்று, பத்தொன்பது வருடம். மணி ஒன்று நாற்பதுக்கு வந்த தட்டு, மூன்று ஐந்துக்குப் போன தட்டு என்று வரிக்கு வரி நேரம், வரிக்கு வரி கையெழுத்து. ஒவ்வொரு நோட்டின் கடைசிப் பக்கத்திலும் பேராசிரியையின் கையெழுத்தும் துறையின் முத்திரையும். பதிவாளர் ஒரு நோட்டைத் திறந்தார், இன்னொன்றைத் திறந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அவர் மாட்டிக்கொண்டது இப்படி. ஐந்தை எட்டாக மாற்றினால், எட்டு மணி நேரம் வேலை வாங்கியதைப் பல்கலைக்கழகமே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகும். எட்டு மணி நேரம் வேலை செய்தவர் விதிப்படி முழு நேர ஊழியர். மாற்றாவிட்டால் அக்கா கையெழுத்துப் போட மாட்டார், சம்பளப் பட்டியலின் கடைசி வரியை விட்டு நகரவும் மாட்டார், வரம்பும் உயராது. நோட்டுகளைச் சரிபார்க்கத் தசமத்திடம் கொடுத்தார்கள். அவர் மூன்று நாள் வீட்டுக்குச் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து கூட்டி, ஒரு மணிக்குப் பிறகு அக்கா வேலை செய்தது மொத்தம் பதினைந்தாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டரை மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தார். அந்த அரையை விட்டுவிடுங்களேன் என்று யாரோ சொன்னதற்கு, அது என்ன உங்க வீட்டு அரையா என்று கேட்டாராம். இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதற்குள் செய்தி நாற்பத்து மூன்று மூத்த பேராசிரியர்களுக்கும் எட்டிவிட்டது. குடுவையக்கா முழு நேரமானால் வரம்பு உயரும், வரம்பு உயர்ந்தால் தங்கள் சம்பளம் தப்பும். ஒரே மதியத்தில் ஒரு கூட்டு மனு தயாரானது. அக்காவின் அயராத உழைப்பு, அறிவியலுக்கு அவர் ஆற்றிய தொண்டு, மனிதநேய அடிப்படை என்று மூன்று பக்கம். நாற்பத்து மூன்று கையெழுத்து. அதில் பாதிப் பேருக்குக் கீழ்த்தளத்தில் அப்படி ஓர் அறை இருப்பதே போன வாரம்தான் தெரியும்.

கூட்டு மனு கொடுத்த ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. அக்கா முழு நேர ஊழியர். பணியில் சேர்ந்த நாளிலிருந்தே முழு நேரப் பணிக்காலமாகக் கருதப்படும், ஆகவே ஓய்வூதியம் உண்டு. கடந்த காலத்துக்கான நிலுவைச் சம்பளம் மட்டும் கிடையாது.

உத்தரவைத் துணைவேந்தரே கீழ்த்தளத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தார். உயரமான மனிதர், படிக்கட்டுக்கு அடியில் குனிந்து நுழைய வேண்டியிருந்தது. அவரைப் பற்றித் தப்பாக எதுவும் சொல்ல எனக்கு இல்லை. வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது, கெட்ட மனிதரும் இல்லை. புதிய வரம்பிலும் அவருடைய சம்பளம் கால்பங்குக்கு மேல் குறையத்தான் செய்தது. அதைப் பற்றி அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆய்வுக்கூடப் பேராசிரியையும் தசமமும் கூட வந்திருந்தார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தாளை வாங்கிக்கொண்டார்.

"நிறைய லேட்டாயிடுச்சு," என்றார் துணைவேந்தர். "மன்னிக்கணும். சந்தோஷம்தானேம்மா?"

"சந்தோஷம் சார். ரொம்ப." அக்கா தாளை ஈரம் படாத அலமாரியில் வைத்தார். "எங்க வீட்டுக்காரர் கண்ணுக்கு இனிமே பயம் இல்ல."

"வேற ஏதாவது சொல்லணுமா? தயங்காமச் சொல்லுங்க."

அக்காவின் மனதில் வன்மம் எதுவும் இல்லை. கேட்டதால் சொன்னார்.

"பதினொரு மனு குடுத்தேன் சார். உங்களுக்கு முன்னாடி நாலு பேர் இருந்தாங்க. எல்லாரும் நல்லவங்கதான். எனக்குச் சம்பளம் குறைச்சலா இருந்ததால அவங்க யாருக்கும் எதுவும் குறையல, அவ்வளவுதான். இந்தத் தடவ உங்களுக்கெல்லாம் குறைஞ்சுது. ஒன்பது நாள்ல ஆர்டர் வந்துடுச்சு."

துணைவேந்தரின் காது மடல் சிவந்தது. தலையை ஆட்டினார். குனிந்து வெளியே போனார். தசமம் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அவர் பின்னால் ஓடினார்.

பேராசிரியையும் அவர்களோடு போனார். ஆனால் மேலே வகுப்பு இருந்தும் ஏதோ சாக்கு வைத்து மதியம் இன்னொரு முறை கீழே இறங்கி வந்தார். பத்தொன்பது வருட நோட்டுகளிலும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அக்கா தொட்டிக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தார். சத்தமே இல்லை. கை பாட்டுக்குக் கழுவிக்கொண்டிருந்தது, தோள் மட்டும் குலுங்கியது. காலையில் தாளை வாங்கும்போதுகூட இப்படி அழவில்லை.

"என்னக்கா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல மேடம்." அக்கா முழங்கையால் முகத்தைத் துடைத்தார். "மணி ரெண்டு ஆகுது. இன்னையிலிருந்து இந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டாம். நேத்து வரைக்கும் இதேதான் கழுவினேன், ஒண்ணும் தோணல. இன்னைக்கு ஒவ்வொண்ணா கையில எடுக்க எடுக்க, முன்னாடி கழுவினதெல்லாம் ஞாபகம் வருது. கோவம் கோவமா வருது மேடம். யார் மேலன்னு தெரியல."

கூட்டு மனுவில் இருந்த நாற்பத்து மூன்று கையெழுத்தில் பேராசிரியையுடையதும் ஒன்று. மேலே மணி அடித்தது, மாணவர்கள் காத்திருப்பார்கள். அவர் போகாமல் அங்கேயே நின்றார். அக்கா அடுத்த குடுவையை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் அமுக்கினார்.